சர்வரிடம் ‘இன்னிக்கு என்ன புதுசு?’ என்று தினமும் கேட்பது யார்?

2021 செப்டம்பர் முதல் வாரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ‘மேனேஜ்என்ஜின்’ பிரிவு, தனது ‘ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்’ என்ற மென்பொருளில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டது. பெரிய அலுவலகங்களில் ஊழியர்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட்டை நச்சரிக்காமல் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள் அது. ஓட்டை சின்னதில்லை. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்து, அந்த சர்வரில் விரும்பிய புரோகிராமை ஓட்டலாம். செப்டம்பர் 16-ம் தேதி அமெரிக்காவின் எஃப்பிஐ, சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவு மூன்றும் சேர்ந்து எச்சரிக்கை விட்டன: உடனே அப்டேட் செய்யுங்கள்.

மருந்து தயார், அறிவிப்பும் வந்தாச்சு. ஆனால், ஜெனீவாவில் உள்ள சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் அந்த அப்டேட் போடப்படவில்லை. நவம்பர் 9-ம் தேதி, அதாவது பேட்ச் வெளியாகி இரண்டு மாதம் கழித்து, அதே ஓட்டை வழியாக யாரோ உள்ளே நுழைந்தார்கள். செஞ்சிலுவைக் குழு அதைக் கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18-ம் தேதி. 70 நாள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்!

போனது கிரெடிட் கார்டு நம்பர் இல்லை. போர், பேரிடர், இடம்பெயர்வு ஆகியவற்றால் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள் என 5,15,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்கள் அந்த சர்வர்களில் இருந்தன. குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டித் தந்த விவரங்கள் அவை. இலங்கைப் போரில் காணாமல்போன பிள்ளையைத் தேடி அலைந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான பணிதான் இது. அந்த நாட்டில் மட்டும் காணாமல்போனவர்கள் குறித்து 16,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் செஞ்சிலுவைக் குழுவிடம் உண்டு. திருட்டு தெரிந்ததும் உலகம் முழுக்கக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் அந்தக் கணினி அமைப்பையே சில வாரங்கள் நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த மாதம் செஞ்சிலுவைக் குழு மழுப்பாமல் விளக்கம் கொடுத்தது. ஆண்டுக்குப் பல்லாயிரம் பேட்ச்களைப் போடுகிறோம். முக்கியமான பேட்ச்களை நேரத்தோடு போடுவது எவ்வளவு அவசியம் என்பதும் தெரியும். ஆனால், இந்த ஒன்றைத் தாக்குதலுக்கு முன் போடவில்லை என்பது அதன் சாரம். பல்லாயிரத்தில் ஒன்று. இதை ‘அலட்சியம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால், நூற்றுக்கணக்கான சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அவர் சிரிக்க மாட்டார். எந்த மெஷினுக்கு எது வந்திருக்கிறது, எது வந்தும் போடப்படாமல் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே தனி வேலை. அந்த வேலையின் முதல் படிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்: பேக்கேஜ் பட்டியலைத் தினமும் புதுப்பிப்பது, அதையும் மனிதர் கை படாமல் செய்வது.

லிஸ்ட் வேற, சரக்கு வேற

உங்கள் போனில் ‘5 ஆப்களுக்கு அப்டேட் உள்ளது’ என்று வருகிறதல்லவா? அது வருவதற்கு முன்பே பிளே ஸ்டோர் பின்னணியில் ஒரு வேலையை முடித்துவிட்டது. ஸ்டோரில் இன்று என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்று கேட்டு, உங்கள் போனில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது. லினக்ஸ் சர்வர்களில் இந்த இரண்டும் தனித்தனி வேலைகள். டெபியன், உபுண்டு வகையில் ‘ஆப்ட் அப்டேட்’ என்றால் பட்டியலை மட்டும் புதுப்பிப்பது. ‘ஆப்ட் அப்கிரேட்’ என்றால்தான் சரக்கை இறக்கி நிறுவுவது. புதிதாக வேலைக்குச் சேரும் பலர் அப்டேட் கொடுத்துவிட்டு, ‘சர்வரை அப்டேட் பண்ணிட்டேன் சார்’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதும் உண்டு. ஒன்றுமே மாறியிருக்காது.

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலைப் பக்கம் இருக்கிறது வடகவுஞ்சி. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. அங்கே ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கெல்லாம் கீழே பழனி மொத்தக்கடையிலிருந்து வர வேண்டும். கடைக்காரரிடம் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய விலைப்பட்டியல். அதைப் பார்த்து ஆர்டர் எழுதி வேன்காரரிடம் கொடுத்து அனுப்புகிறார். வேன் மலை இறங்கி, திரும்பி ஏறி வந்தால் பாதி சரக்கைக் காணோம். “அண்ணே, அந்த அஞ்சு கிலோ பேக்கிங் எல்லாம் நிறுத்திட்டாங்களாம். இப்ப புது பேக்கிங். நீங்க பழைய லிஸ்ட்டை வச்சு எழுதியிருக்கீங்க” என்கிறார் வேன்காரர். ஒருநாள் பயணம் வீண்.

சர்வரிலும் அச்சு அசலாக இதேதான். பட்டியலில் ‘இந்த மென்பொருள், 2.4.1 பதிப்பு’ என்று இருக்கும். ரெப்போசிட்டரி என்கிற மொத்தக்கடையில் அதை எடுத்துவிட்டு 2.4.3 வைத்திருப்பார்கள். சர்வர் போய்ப் பழைய ஃபைலைக் கேட்கும். ‘404, அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் வரும். புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ எழுதிய ஸ்கிரிப்ட் நடுவழியில் நின்றுபோகும். தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினால், கடைசியில் பட்டியல் பழசு என்பதுதான் காரணமாக இருக்கும்.

இதைவிட மோசமான இன்னொரு நிலை உண்டு. அது சத்தமே போடாது. பட்டியல் பழையதாக இருந்தால், ‘அப்கிரேட் செய்ய ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்கும்போது சர்வர், ‘எல்லாம் லேட்டஸ்ட்டாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லும். பொய் சொல்லவில்லை பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நேற்று வெளியான செக்யூரிட்டி பேட்ச் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்தப் பட்டியல் எவ்வளவு பெரியது? 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், பதிப்பு எண், எதெல்லாம் இருந்தால்தான் அது ஓடும் என்ற விவரம், ஃபைல் வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க ஒரு ஹேஷ் எண். பட்டியலுக்கே டிஜிட்டல் கையெழுத்தும் உண்டு. எனவே வழியில் யாராவது உட்கார்ந்து போலிப் பட்டியலைக் கொடுத்தால் சர்வர் ஏற்காது. 1999-ல் டெபியன் 2.1-ல் அறிமுகமான ஆப்ட், இன்றும் உலகின் கணிசமான சர்வர்களின் உயிர்நாடி.

‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று தோன்றினால், 2011-க்குப் பிறகு தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் வாங்கிய தலைமுறையா நீங்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த பாஸ், சென்னை சிடாக் மையம் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். அதற்கு அடித்தளம் டெபியன்தான். அதற்குள்ளும் இதே ஆப்ட்தான். பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகாமல் விண்டோஸுக்குள் நுழைந்துவிட்டது வேறு கதை.

ஒரு சர்வர் என்றால் சரி, இருநூறு என்றால்?

ஒரே ஒரு சர்வர் இருந்தால் விஷயம் ஈஸி. ‘கிரான்’ என்று ஒரு பழைய, நம்பகமான அலாரம் லினக்ஸில் உண்டு. தினமும் காலை 4 மணிக்கு ஆப்ட் அப்டேட் ஓட்டு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

இருநூறு சர்வர் இருக்கும் இடத்தில் என்ன ஆகும் என்பதை ஐ.டி. ஆட்கள் நன்றாக அறிவார்கள். நூற்றுத் தொண்ணூற்றில் அந்த வரி இருக்கும். ஐந்தில், எழுதியவர் நேரத்தைத் தப்பாகப் போட்டிருப்பார். மூன்றில், ஏதோ பிரச்னை வந்தபோது தற்காலிகமாக எடுத்துவிட்டு, திரும்பப் போட மறந்திருப்பார்கள். மீதி இரண்டு போன வாரம் அவசரமாக எழுப்பியவை, அதில் யாரும் எதுவும் எழுதவே இல்லை. தாக்குபவர் தேடி வருவது அந்தப் பத்தைத்தான். ஒழுங்காக இருக்கும் நூற்றுத் தொண்ணூறை அவர் சீண்டவே வேண்டியதில்லை.

இங்கேதான் ‘கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்’ வருகிறது. பெயர் பயமுறுத்தும், யோசனை எளிது. ‘என்ன செய்ய வேண்டும்’ என்று கட்டளை கொடுப்பதற்குப் பதிலாக, ‘எப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதிவைத்துவிடுவது. ‘எல்லா சர்வரிலும் பேக்கேஜ் பட்டியல் ஒருநாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது’ என்று ஒரு ஃபைலில் எழுதுகிறீர்கள். கருவி ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பார்க்கும். ஏற்கெனவே அப்படி இருந்தால் தொடாது. இல்லாவிட்டால் சரி செய்யும். பத்து முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றே. வீட்டில் ‘லைட்டைப் போடு’ என்பதற்கும், ‘ஆறு மணிக்கு மேல லைட் எரிஞ்சிட்டு இருக்கணும்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடி, நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் 1993-ல் தொடங்கிய சிஎஃப்என்ஜின். பிறகு 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2011-ல் சால்ட், 2012-ல் ஆன்சிபிள். இன்று வேலைக்கான விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படும் பெயர் ஆன்சிபிள்தான். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் அர்சுலா லெ குயின் 1966-ல் தன் நாவலில் கற்பனை செய்த, நட்சத்திரங்களுக்கு இடையே உடனடியாகச் செய்தி அனுப்பும் கருவியின் பெயர் அது. 2015-ல் ரெட் ஹேட் நிறுவனம் அதை வாங்கியது.

ஆன்சிபிளில் பட்டியலைப் புதுப்பிக்க ‘அப்டேட் கேஷ்’ என்று ஒரு வரி போதும். கூடவே ‘கேஷ் வேலிட் டைம்’ என்று இன்னொரு வரி உண்டு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் 3,600 என்று கொடுத்தால், பட்டியல் ஒரு மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்பட்டிருந்தால் மறுபடி இறக்காதே என்று அர்த்தம், கணக்கு விநாடிகளில். இது இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் இருநூறு சர்வரும் பட்டியலைக் கேட்கும். செஃப் இதையே ஒருநாளின் 86,400 விநாடிகள் என்று இயல்பாக வைத்திருக்கிறது. பப்பெட்டின் ஆப்ட் தொகுப்பில் இயல்புநிலைக்கு வைத்த பெயர்தான் அலாதி: ‘ரிலக்டன்ட்லி’. அதாவது வேண்டா வெறுப்பாக! புதிய ரெப்போசிட்டரி சேர்ப்பது போன்ற மாற்றம் ஏதாவது நடந்தால் மட்டும் புதுப்பிக்கும், மற்றபடி சும்மா இருக்கும். பப்பெட்டை நிறுவிவிட்டோம், தினமும் பட்டியல் புதுசாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அதை ‘டெய்லி’ என்று மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மலை மேல் இருக்கும் சர்வர்

தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளில் இணைப்பதை இலக்காகக் கொண்ட பாரத்நெட் திட்டத்தைச் செயல்படுத்துகிறது. வடகவுஞ்சி போன்ற ஊர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த இலக்கு. ஊராட்சி அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணினிகள் மலைக்கு மேலே போகப் போக, ‘எல்லா மெஷினும் எப்போதும் ஆன்லைனில் இருக்கும்’ என்ற டேட்டா சென்டர் நினைப்பு செல்லாது. மழைக்காலத்தில் மரம் விழும், கரன்ட் போகும், கேபிள் அறுபடும்.

இப்போது சென்னையிலிருந்து ஒருவர் தினமும் காலை 6 மணிக்கு ஆன்சிபிளை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்சிபிள் பொதுவாகத் ‘தள்ளும்’ வகை. நடுவில் இருக்கும் ஒரு கணினி, மற்ற சர்வர்களுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலையை முடிக்கும். சரியாக 6 மணிக்கு மலையில் கரன்ட் இல்லையென்றால், அந்த மெஷின் ‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்ற ஒரு சிவப்பு வரியாக மிஞ்சும். நாளைக்கும் அதே நேரத்தில் கரன்ட் போனால் நாளைக்கும் அதே வரி. சிவப்பு வரிகளைத் தினமும் பார்ப்பவருக்கு மூன்றாம் நாள் கண் பழகிவிடும்.

பப்பெட் ‘இழுக்கும்’ வகை. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஏஜென்ட் உட்கார்ந்துகொண்டு, இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ‘எனக்கு ஏதாவது இருக்கிறதா?’ என்று மேலிடத்தைக் கேட்கும். கரன்ட் வந்ததும் அதுவே கேட்டுக்கொள்ளும்.

ஆன்சிபிளை வைத்தும் இதைச் சாமர்த்தியமாகச் செய்யலாம், அதுதான் உண்மையில் நல்ல வழியும்கூட. தினமும் போய்ப் பட்டியலைப் புதுப்பிக்க அதைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு சர்வரும் தானே தினமும் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டு வரப் பயன்படுத்த வேண்டும். டெபியன், உபுண்டுவில் இதற்கான பொறி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் அமைப்பு ஃபைலில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, ‘அப்டேட் பேக்கேஜ் லிஸ்ட்ஸ்’. இன்னொன்று, ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்’. எதிரே 1 என்று போட்டால் தினமும், 7 என்று போட்டால் வாரம் ஒருமுறை, 0 என்றால் கிடையாது. முதலாவதை 1, இரண்டாவதை 0 என்று வைத்தால், பட்டியல் தினமும் புதிதாகும், ஆனால் எதுவும் தானாக நிறுவப்படாது. கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் கருவியின் வேலை, இந்த ஃபைல் எல்லா சர்வரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, யாராவது கை வைத்து மாற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

இந்தப் பொறியை இயக்குவது சிஸ்டம்டி டைமர். அதில் இரண்டு அழகான விஷயங்கள். குறித்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால், அடுத்து எழுந்ததும் விட்டுப்போன வேலையை முடிக்கும். இரண்டாவது, காலை 6, மாலை 6 என்று நேரம் வைத்திருந்தாலும், ஒவ்வொரு மெஷினும் அதிலிருந்து 12 மணி நேரம் வரை ஏதோ ஒரு நேரத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எதற்கு? எல்லோரும் ஒரே நிமிடத்தில் போய் நின்றால் ரெப்போசிட்டரி சர்வர் திணறிவிடும். தட்கல் டிக்கெட்டுக்குக் காலை 10 மணிக்கு நாமெல்லாம் சேர்ந்து ஒரே தளத்தை என்ன பாடு படுத்துகிறோமோ, அதே கதை. சொந்தமாக கிரான் எழுதுபவர்களும் நேரத்தை இப்படிச் சிதறடிக்கலாம். சர்வரின் பெயரையே விதையாக வைத்து ஒரு நிமிடத்தைக் கணக்கிட்டுத் தரும் வசதி பப்பெட்டிலும் ஆன்சிபிளிலும் உண்டு. அப்போது நேரம் மெஷினுக்கு மெஷின் மாறும், ஆனால் ஒரே மெஷினுக்குத் தினமும் அதே நேரம்தான்.

ஒரே ஊரில் பத்து மெஷின் இருந்தால், ‘ஆப்ட்-கேஷர்-என்ஜி’ போன்ற ஒன்றை ஒரு மெஷினில் வைத்துவிடலாம். முதல் மெஷின் கேட்டபோது இறங்கிய ஃபைலையே மற்ற ஒன்பதுக்கும் அது கொடுத்துவிடும். வேன் மலை ஏறுவது ஒருமுறைதான்.

மலையில் இன்னொரு வம்பு, கடிகாரம். நீண்ட நேரம் கரன்ட் இல்லாமல், மதர்போர்டு பேட்டரியும் தீர்ந்துபோன கணினி எழுந்திருக்கும்போது பழைய தேதியைக் காட்டும். பேக்கேஜ் பட்டியலில் அது தயாரான தேதி இருக்கும், சிலவற்றில் காலாவதித் தேதியும் இருக்கும். பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்து சர்வரை ஏமாற்றும் தந்திரத்தைத் தடுக்கத்தான் காலாவதித் தேதி. கடிகாரம் பின்னால் இருந்தால் ‘இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை’ என்று சர்வர் மறுத்துவிடும். எனவே பட்டியலுக்கு முன்னால் நேரத்தைச் சரி செய்ய வேண்டும். இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட உத்தரவில், கணினிகளின் நேரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்லியிருப்பதும் இங்கே உதவும். சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பரபரப்பாகப் பேசப்பட்ட அதே உத்தரவுதான்.

அப்போ எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்கா விட்டுடலாமா?

இந்தக் கேள்விக்கு விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்ட நிறுவனம், அமெரிக்காவின் டேட்டாடாக். மற்ற நிறுவனங்களின் சர்வர்கள் நன்றாக இருக்கின்றனவா என்று கண்காணித்துச் சொல்வதுதான் அதன் பிசினஸ். 2023 மார்ச் 8-ம் தேதி, இந்திய நேரப்படி முற்பகல் 11.30 மணி. டேட்டாடாக்கின் பல்லாயிரம் உபுண்டு மெஷின்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நெட்வொர்க்கிலிருந்து கழன்றுகொண்டன. அமெரிக்கா, ஐரோப்பா என்று வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களில் ஓடிய மெஷின்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்றுதானே அப்படிப் பிரித்து வைப்பார்கள்? எல்லாமே சேர்ந்து விழுந்தன.

காரணம் எந்த ஹேக்கரும் இல்லை. சிஸ்டம்டிக்கு வந்த ஒரு செக்யூரிட்டி அப்டேட் அந்த மெஷின்களில் தானாக நிறுவப்பட்டது. அப்போது நெட்வொர்க் சேவை மறுதொடக்கம் ஆனது. ஆனதும், தனக்குத் தெரியாத ரூட்டுகளையெல்லாம் துடைத்துப்போட்டது. டேட்டாடாக்கின் கன்டெய்னர்கள் பேசிக்கொள்வது அந்த ரூட்டுகள் வழியாகத்தான். கிளவுட் வேறு, கண்டம் வேறு, ஆனால் எல்லா மெஷினிலும் அப்டேட் நேரம் மட்டும் ஒன்று: சர்வதேச நேரப்படி காலை 6 முதல் 7 மணி வரை. இயல்பு அமைப்பில் பட்டியல் புதுப்பிப்பு 12 மணி நேரம் சிதறும். நிறுவும் டைமரோ ஒரு மணி நேரம் மட்டுமே சிதறும். முழுதாக மீள ஒரு நாளுக்கு மேல் ஆனது. இதில் வேதனை, டேட்டாடாக் தன் மெஷின்களைப் படிப்படியாகப் புதுப்பிக்கத் தனி முறையே வைத்திருந்தது. பழைய காலத்து ஆட்டோமேட்டிக் வழி ஒன்று அணைக்கப்படாமல் ஓரமாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டியதும், இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் படங்கள் வைரலானதும் நினைவிருக்கும். அது லினக்ஸும் இல்லை, பேக்கேஜ் பட்டியலும் இல்லை. ஆனால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதில் வந்த வினை என்பது பொது.

ஆகவே பட்டியலையும் நிறுவுதலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பட்டியலைப் புதுப்பிப்பதை எல்லா சர்வரிலும் கண்ணை மூடிக்கொண்டு தானியங்கி ஆக்கலாம், அதனால் ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. வரக்கூடிய அதிகபட்சத் தொல்லை, பட்டியல் இறங்கிக்கொண்டிருக்கும் அதே நொடியில் நீங்கள் ஆப்ட் கட்டளை கொடுத்தால் ‘பூட்டு கிடைக்கவில்லை’ என்று ஒரு எரிச்சல் செய்தி வரும். இரண்டு நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும். பூட்டு ஃபைலை அழித்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பேக்கேஜ் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

நிறுவுவதற்கு வேறு ஒழுங்கு. முதலில் சோதனைக்கு ஐந்து மெஷின், ஒருநாள் பார்த்துவிட்டு ஐம்பது, பிறகு மிச்சம். பிளே ஸ்டோரில் ஒரு ஆப்பின் புதிய பதிப்பு உங்கள் நண்பருக்கு வந்து உங்களுக்கு வராமல் இருப்பதும் இந்த வகைதான், சில சதவீதம் பேருக்கு முதலில் விட்டுப் பார்ப்பார்கள். ஆன்சிபிளில் ‘சீரியல்’ என்ற வரியில் எத்தனை எத்தனையாகப் போக வேண்டும் என்று எண்ணையோ சதவீதத்தையோ கொடுத்துவிடலாம்.

நிறுவிய பிறகும் வேலை முடிவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற ஒரு லைப்ரரியை மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய பிரதியைத்தான் நினைவகத்தில் வைத்திருக்கும். கெர்னல் என்றால் ரீபூட் கட்டாயம். உபுண்டுவில் ரீபூட் தேவைப்பட்டால் அதற்கென ஒரு அடையாள ஃபைல் உருவாகும், எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று ‘நீட்ரீஸ்டார்ட்’ சொல்லும். ‘400 நாளா ரீபூட்டே ஆகாத சர்வர்’ என்று பெருமையாக ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களைப் பார்த்தால் பாராட்டத் தோன்றாது. 400 நாளாக கெர்னல் பேட்ச் எதுவும் அமலுக்கு வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

பட்டியலில் இல்லாதது எதுவோ, அதுதான் ஆபத்து

செஞ்சிலுவைக் குழு விஷயத்துக்கு வருவோம். அவர்கள் இதையெல்லாம் செய்திருந்தால் தப்பித்திருப்பார்களா? நேர்மையான பதில்: இது மட்டும் போதாது. ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ் ஆப்ட் பட்டியலில் வரும் பேக்கேஜ் இல்லை. தனியாக வாங்கி, தனியாக நிறுவி, தனியாக அப்டேட் செய்ய வேண்டிய மென்பொருள். 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஜே ஓட்டையும் பல இடங்களில் இப்படித்தான் மறைந்திருந்தது. ஏதோ ஒரு ஜாவா மென்பொருளின் வயிற்றுக்குள் அது இருந்ததால், பேக்கேஜ் பட்டியலைக் கேட்டால் ‘எங்களிடம் லாக்4ஜே இல்லையே’ என்றுதான் பதில் வரும்.

2017-ல் 14.7 கோடி அமெரிக்கர்களின் தகவல் பறிபோன ஈக்விஃபேக்ஸ் வழக்கிலும் இதேதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் பேட்ச் மார்ச் 7-ம் தேதி வந்தது. இரண்டு நாளில், ‘48 மணி நேரத்துக்குள் போடுங்கள்’ என்று நிறுவனத்துக்குள் மெயில் போனது. மார்ச் 15-ம் தேதி ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். ஓட்டை இருந்த மெஷின் அந்த ஸ்கேனில் சிக்கவில்லை. மே மாதம் திருடர்கள் வந்தார்கள்.

கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்டின் பெரிய பலன் இங்கேதான் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் நம்மிடம் என்னென்ன சர்வர் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்ன ஓடுகிறது என்று ஒரு இன்வென்ட்டரி எழுதியாக வேண்டும். சலிப்பான வேலை. ஆனால், தனியாக வாங்கிய மென்பொருள்கூட அந்த இன்வென்ட்டரியில் பதிப்பு எண்ணோடு ஏறியிருந்தால், எச்சரிக்கை வந்த அன்றே ‘இது நம்மிடம் எத்தனை இடத்தில் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

கடைசியாக ஒரு பொறி, அனுபவசாலிகளும் விழும் இடம். பட்டியல் தினமும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறது, ஒரு எரரும் இல்லை, போட வேண்டிய அப்டேட்டும் எதுவும் இல்லை. எல்லாம் பச்சை. இப்படி மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும் சர்வரைப் பார்த்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அதன் ஆயுளைப் பாருங்கள். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ம் தேதியோடு கதை முடிந்தது. டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவும் அதே நாளில்தான் நின்றது. சென்ட்ஓஎஸ் 7-லாவது பழைய முகவரிகளை எடுத்துவிட்டதால் பட்டியல் இறங்கும்போது எரர் வந்து காட்டிக்கொடுத்தது. உபுண்டு 20.04 சர்வரில் ஆப்ட் அப்டேட் இன்றும் சிரித்த முகமாக ஓடி முடியும். இலவச ஆதரவுக் கணக்கிலாவது பதிவு செய்யாத சர்வராக இருந்தால், அந்தப் பட்டியலில் புதிதாக எந்த செக்யூரிட்டி பேட்ச்சும் வராது.